அச்சு எங்கும் இல்லாத கதவு: ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டின் தகடு வேலை

காந்தம் ஒட்டவில்லை. இடது பின் கதவின் கீழ்ப்பாதியில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்தேன், நழுவித் தரையில் விழுந்தது. ஒரு சாண் மேலே வைத்தபோது ஒட்டியது. கீழே முழுக்கப் பட்டி, அதாவது பெயின்டுக்கு முன் பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை. ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டிப் பார்த்ததில் சில இடங்களில் விரல் தடிமனுக்கு இருந்தது. அதற்குப் பின்னால் தகடு என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை, கம்பி வலை ஒன்றும் துருத்தூளும்தான்.

வண்டி 1970-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நான்கு கதவு. என் பெரியப்பாவுடையது. திருவொற்றியூரில் கடலுக்கு மிக அருகே, ஓலைக் கொட்டகையில் பல ஆண்டுகள் ஓடாமல் நின்றது. கடைசியாக ஓடிய காலத்தில் ஏதோ ஒரு பட்டறையில் விட்டு 'புதுசு மாதிரி' பெயின்ட் அடித்து வாங்கியிருக்கிறார். மேலே பளபளப்பு, உள்ளே பட்டி. எனக்கு அந்தப் பட்டறைமேல் இன்றும் கோபம் உண்டு. துருவை வெட்டி எடுக்காமல் அதன்மேல் பட்டி போட்டால் துரு நிற்காது. பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெளியே எதுவும் தெரியாததால் தகடு இன்னும் வேகமாகக் கரையும்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு கதவைப் பற்றியது. வண்டி முழுக்க வேலை நடந்தது என்றாலும் எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கதவுதான்.

ஏன் வாங்க முடியாது

ஹெரால்டு பிரிட்டனில் 1959-இல் வந்த டிரையம்ப் வண்டி. வடிவம் இத்தாலியின் டூரின் நகரத்து ஜோவானி மிக்கெலோட்டி போட்டது. மதராஸை அடுத்த வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை 1961-லிருந்து அதை இங்கே செய்தது. பிரிட்டனில் ஓடிய ஹெரால்டுகளுக்கு இன்றும் சில தகடுகள் புதிதாக அடித்து விற்கப்படுகின்றன. கப்பல் செலவும் சுங்க வரியும் தாங்க முடிந்தால் வரவழைக்கலாம்.

ஆனால் நான்கு கதவு ஹெரால்டு பிரிட்டனில் செய்யப்படவே இல்லை. அது 1968-இல் இந்தியாவுக்கென்று வந்த வடிவம். பின் கதவும் அதைச் சுற்றியுள்ள தகடும் இங்கே மட்டும் பிறந்தவை. தொழிற்சாலையில் உற்பத்தி நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆக, உலகத்தில் எந்தக் கடையிலும் இந்தக் கதவின் வெளித்தகடு கிடைக்காது.

சென்னையில் பழைய வண்டி உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். அம்பாசடர் கதவு மலைபோலக் குவிந்திருக்கிறது. 2014 வரை அந்த வண்டி வந்துகொண்டிருந்ததால் அதில் வியப்பில்லை. ஃபியட் கதவும் உண்டு. ஹெரால்டு என்றதும் கடைக்காரர்கள் சிரித்து, "அதெல்லாம் எப்பவோ உருக்கிட்டாங்க சார்" என்றார்கள். மூன்றாவது ஞாயிறு ஒரு கடையின் மாடியில் ஒரு வலது பின் கதவு கிடைத்தது. வெளித்தகடு சல்லடை, கண்ணாடிச் சட்டம் வளைந்தது. ஆனால் அடிப்பக்கத்தின் வடிவம் அப்படியே இருந்தது. மாட்டுவதற்கு உதவாது, அளவெடுக்க உதவும் என்று வாங்கி வந்தேன். முழு வேலைக்கும் அதுதான் அடிப்படையானது.

கதவா, நிலையா

தகடு வேலையை எடுத்துக்கொண்டவர் அம்பத்தூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மூத்த டிங்கர். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். கதவைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்து, "பாய், இதுக்குப் புதுத் தகடு போடணும்" என்றேன். அவர் கதவைப் பார்க்கவே இல்லை. "வண்டியக் கொண்டு வாங்க தம்பி. நிலை கோணலா இருந்தா கதவ இழைச்சு என்ன பிரயோஜனம்?" என்றார்.

வண்டி வந்ததும் அவர் செய்த முதல் வேலை, கதவு வாசலின் மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்தது. இடது பின் வாசலின் இரண்டு மூலைவிட்ட அளவுகளையும் வலது பக்கத்தோடு ஒப்பிட்டார். 11 மில்லிமீட்டர் வித்தியாசம். நடுத்தூண் கீழே இறங்கியிருந்தது.

காரணம் ஹெரால்டின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் சின்ன கார்கள் எல்லாம் தனிச் சட்டம் இல்லாத ஒற்றைக்கூட்டு உடலுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனிக்கு உடல் அடித்துக் கொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோவை 1953-இல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு உடலாக அடித்துத் தர ஆள் இல்லாமல், உடலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, சேஸி என்னும் தனி அடிச்சட்டத்தின் மேல் போல்ட் போட்டுப் பூட்டும் முறைக்குப் போனார்கள். அதனால்தான் ஹெரால்டின் முன்பகுதி முழுவதும், இரண்டு பக்க மட்கார்டோடு சேர்ந்து, ஒரே மூடியாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கிறது. எஞ்சின் வேலை பார்க்கும் மெக்கானிக்குக்கு அது வரம்.

அதே அமைப்பால் ஒரு விளைவும் உண்டு. உடல் சேஸியின் மேல் ரப்பரும் பேக்கிங் தகடும் வைத்து உட்கார்ந்திருக்கிறது. சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் துருப்பிடித்தால், அல்லது ரப்பர் நசிந்தால், அதற்கு மேலே இருக்கும் உடல் அங்கே தொங்கும். கதவின் இடைவெளி மேலே அகலும், கீழே இறுகும். எங்கள் வண்டியில் இரண்டும் நடந்திருந்தது. முன்பு பெயின்ட் அடித்த பட்டறை தொங்கிய வாசலுக்கு ஏற்றபடி கதவைப் பட்டியால் 'சரி'செய்திருக்கிறது. கதவில் பட்டி அவ்வளவு தடிமனாக ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் மாதம் முழுக்கக் கதவுத் தகட்டை யாரும் தொடவில்லை. பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே கொண்டுபோனோம். ஹெரால்டில் அது டிக்கிக்குள் இடது பக்கம் இருக்கிறது. காலி டேங்க்தானே என்று அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெல்டிங் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும், தயவுசெய்து செய்யாதீர்கள். வாசல்களுக்குள் ஆங்கிள் கம்பியைக் குறுக்கே வெல்டு செய்து உடல் அசையாமல் பூட்டினோம். அழுகிய சேஸி கைகளை வெட்டிப் புதிதாகச் செய்து வைத்தோம். ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, புது ரப்பரும் பேக்கிங்கும் போட்டு, மறுபடி அளந்தோம். 11 மில்லிமீட்டர் 2-க்கு வந்தது. "இப்ப கதவப் பத்திப் பேசலாம்" என்றார் பாய்.

காகிதத்தில் கதவு

கையால் தகடு செய்வது என்றால் சுத்தியால் தட்டுவது என்றே நினைத்திருந்தேன். தட்டுவதற்கு முன் அளவெடுப்பதில்தான் பாதி வேலை போகிறது.

புதுப்பேட்டைக் கதவு வலது பக்கத்துக்கு உரியது. எங்களுக்கு முதலில் வேண்டியது இடது. புதுப்பேட்டைக் கதவின் மேல் கெட்டி அட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தி, ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் வளைவை வெட்டி எடுத்தோம். அட்டையைத் திருப்பிப் பிடித்தால் இடது பக்கத்தின் வளைவு. பிறகு முழு வெளிப்பரப்பிலும் பெரிய பிரவுன் காகிதத்தைப் போர்த்தி ஓரங்களில் காந்தம் வைத்தோம்.

இந்தக் காகிதம் சொல்லும் செய்தியைப் பாய் காட்டியபோதுதான் எனக்குக் கண் திறந்தது. வளைந்த பரப்பின் மேல் காகிதம் எங்கே மிஞ்சிச் சுருக்கம் விழுகிறதோ, அங்கே தகட்டைச் சுருக்க வேண்டும். எங்கே காகிதம் போதாமல் கீறி விரிக்க வேண்டியிருக்கிறதோ, அங்கே தகட்டை நீட்ட வேண்டும். தையற்காரர் ரவிக்கையில் டாட்ஸ் பிடிப்பதும் இதே கணக்குதான். துணியில் மிச்சத்தை மடித்துத் தைத்துவிடலாம், தகட்டில் அதை உலோகத்துக்குள்ளேயே தள்ளி மறைக்க வேண்டும். சுருக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பென்சில், நீட்ட வேண்டிய இடத்தில் நீலம் என்று காகிதம் முழுக்கக் குறித்தோம். ஹெரால்டு கதவு பார்வைக்குத் தட்டைதான், ஆனால் நடுவில் மெல்லிய புடைப்பு உண்டு, அடிப்பக்கம் உள்வாங்குகிறது. நடுவில் நீலமும் கீழ் மூலைகளில் சிவப்பும் விழுந்தன.

தகடு 0.9 மில்லிமீட்டர் சிஆர் ஷீட் (சூடாக்காமல் உருட்டிய இரும்புத் தகடு), பட்டறைக் கணக்கில் 20 கேஜ். அதிலும் ஆழமாக இழுத்தாலும் கிழியாத தரம் தனியாக உண்டு. ஐஎஸ் 513 என்ற இந்தியத் தரநிலையின் பழைய பெயரில் டிடி, இடிடி என்பார்கள். சாதாரண ஷீட்டைவிடக் கொஞ்சம் விலை கூடுதல், அந்தக் காசு வீண் போகாது. துருப்பிடிக்காதே என்று துத்தநாகம் பூசிய ஜிஐ ஷீட் போடச் சிலர் சொன்னார்கள். கேஸ் வெல்டிங் வைத்தால் துத்தநாகப் புகை நெஞ்சுக்கு ஆகாது, பெயின்டும் சரியாகப் பிடிக்காது. பாய் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

மணல் மூட்டையும் வீலும்

நடுப்புடைப்பை முதலில் தோல் உறைக்குள் மணல் நிரப்பிய மூட்டையின் மேல் வைத்து, மரச்சுத்தியால் வெளியிலிருந்து உள்ளே என்று வரிசையாகத் தட்டினார். அப்போது தகடு வால்நட் ஓடுபோல மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். பார்த்தால் பயம் வரும். பிறகு அது வீலுக்குப் போகிறது.

இங்கிலீஷ் வீல் என்பது பெரிய சி வடிவச் சட்டம். மேலே தட்டையான ஓர் உருளை, கீழே லேசாக வளைந்த முகமுள்ள சின்ன உருளை. பாயின் வீல் சேனல் இரும்பில் அவரே கட்டியது, உருளைகள் பக்கத்து லேத்தில் கடைந்தவை. இரண்டுக்கும் நடுவே தகட்டை முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும்போது, அழுத்தப்பட்ட ஒவ்வொரு கோட்டிலும் உலோகம் மயிரிழை அளவு நீள்கிறது. கோடுகளை நெருக்கமாக, ஒன்றின் மேல் பாதி ஏறியபடி போட வேண்டும். கவனம் சிதறி ஒரே தடத்தில் மூன்று முறை ஓட்டினால் அங்கே வாய்க்கால் விழும்.

இந்தக் கதவுக்குத் தேவைப்பட்டது மிகக் குறைந்த புடைப்பு. அதனால் அதிகமாகிவிடும் ஆபத்துதான் பெரிது. எங்கள் முதல் தகட்டில் புடைப்பு கூடிவிட்டது. அட்டையை வைத்துப் பார்த்தபோது ஓரங்களில் வெளிச்சம் தெரிந்தது. நான் தகடு போச்சு என்று நினைத்தேன். பாய் தகட்டின் ஓரங்களை மட்டும் வீலில் ஓட்டினார். ஓரம் நீண்டதும் நடுப்புடைப்பு தானாகத் தணிந்தது. நடுவை நீட்டினால் எழும், ஓரத்தை நீட்டினால் அடங்கும். இவ்வளவு எளிய ஒன்று, கையால் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கீழ் மூலைகளில் எதிர்வேலை. விளிம்பை மடிக்கும்போது வெளிவளைவில் தகடு மிஞ்சும். அதைச் சின்னச் சின்னச் சுருக்கங்களாக மடித்து, கட்டையின் மேல் வைத்து, சுருக்கத்தின் வாயை முதலில் அடைத்துவிட்டு உள்ளே தட்டிக்கொண்டே போவார். வாய் திறந்திருந்தால் சுருக்கம் வெளியே ஓடிவிடும், உலோகம் உள்ளே போகாது. ஒரு மூலைக்கு ஒரு முழுப் பகல் ஆனது.

சரிபார்ப்பது கண்ணால் அல்ல, கையால். மெல்லிய துணியை உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்துத் தடவினால் வழுக்கல் சீராகி, கண்ணுக்குத் தெரியாத மேடு கையில் தட்டும். அப்புறம் தகட்டை நனைத்து ட்யூப்லைட்டின் கீழ் பிடித்தால், பிம்பக் கோடு எங்கே நெளிகிறது என்று தெரியும்.

நாங்கள் செய்த தவறு

கதவின் வெளித்தகடு உள்கூட்டோடு சேர்வது விளிம்பு மடிப்பில். வேட்டிக் கரையை மடித்துத் தைப்பதுபோல, தகட்டின் ஓரம் உள்கூட்டின் ஓரத்தைச் சுற்றி மடிந்து கவ்விக்கொள்ள வேண்டும். பாய் ஒரு நிக்காஹ்வுக்கு ஆம்பூர் போயிருந்த இரண்டு நாளில், நானும் பட்டறைப் பையனும் அவசரப்பட்டு, கதவை மேசைமேல் வைத்து மடிப்பை முழுக்க அடித்து முடித்தோம். மேசையில் பார்த்தபோது அழகாக இருந்தது.

கீலில் மாட்டி மூடினோம். மேல் பக்கம் சரியாக உட்கார்ந்தது. பின் பக்கக் கீழ் மூலை 6 மில்லிமீட்டர் வெளியே நின்றது. கதவு முறுக்கிக்கொண்டது. உள்கூடு மட்டும் இருக்கும்போது கையால் முறுக்கினாலே வளையும். அதற்கு மேல் தகட்டை மடித்துவிட்டால் இரண்டும் சேர்ந்து பெட்டி ஆகிவிடும், எந்த முறுக்கில் மடித்தோமோ அதே முறுக்கில் நிலைத்துவிடும். ஒரு பக்க மடிப்பை முதலில் இறுக்கி முடித்துவிட்டு மறுபக்கம் போனதுதான் முறுக்கை உண்டாக்கியது.

பாய் திரும்பி வந்து பார்த்தார். திட்டவில்லை. உளியால் மடிப்பைப் பிரிக்கத் தொடங்கினார். ஒருமுறை முழுக்க மடித்த தகட்டை விரித்து மறுபடி மடித்தால் அந்தக் கோட்டில் உலோகம் கெட்டியாகி வெடிக்கும். வெடித்தது, அடி விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு. ஒட்டுப்போட்டுத் தேற்றலாம் என்று நான் கெஞ்சினேன். "பட்டி போட்டவனும் இதத்தான் சொல்லியிருப்பான்" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதும். பதினோரு நாள் வேலை ஓரமாகப் போனது. காகிதத்தை மறுபடி விரித்தோம்.

இரண்டாவது தகட்டில் மடிப்பை நான்கு இடத்தில் மட்டும் லேசாகப் பிடித்து, கதவை வண்டியில் மாட்டினார். பூட்டோடு மூடிப் பார்த்தார். எங்கே வெளியே நிற்கிறதோ அதற்கு எதிர் மூலையில் மரக்கட்டையை வைத்து, கதவை அதன் மேல் மூடி, நிற்கும் மூலையைத் தோளால் அழுத்தினார். உள்கூடு திரும்பியது. மறுபடி மூடினார், மறுபடி அழுத்தினார். நான்கு பக்கமும் 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி சீராக வந்த பிறகுதான், கதவைக் கழற்றாமலே முடிந்த இடங்களில் மடித்து, மீதியை மேசையில் இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடித்தார். மடிப்புக்குள் போவதற்கு முன் இரண்டு ஓரத்திலும் துத்தநாக பிரைமர் பூசினோம். பிறகு அந்த இடத்தைத் தூரிகையால் எட்டவே முடியாது.

வலது கதவு

எங்கள் வண்டியின் வலது பின் கதவில் கீழ் 18 சென்டிமீட்டர்தான் போயிருந்தது. முழுத்தகடும் மாற்ற வேண்டாம், பாதி போடலாம் என்று முடிவெடுத்தோம். வேலை குறையும் என்று எண்ணினேன். உண்மையில் இதுதான் கடினமாக இருந்தது.

பழைய தகட்டையும் புதியதையும் விளிம்போடு விளிம்பாக, நடுவில் காகிதம்கூட நுழையாதபடி பொருத்தி, கேஸ் வெல்டிங்கால் சேர்த்தார். ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி வைப்பது எளிது, ஆனால் இரண்டு தகட்டுக்கு நடுவே ஈரம் நிற்கும் இடம் உண்டாகிவிடும். மின்சாரத்தால் கம்பியை உருக்கி ஒட்டும் மிக் வெல்டிங் வேகமானது, ஆனால் அதன் தையல் கெட்டியாக இருக்கும், சுத்திக்கு இசையாது. கேஸ் வெல்டு மென்மையானது, தட்டினால் விரியும். விரிய வேண்டிய அவசியமும் இருக்கிறது. உருகி ஆறும் தையல் சுருங்கும். சுருங்கினால் அதன் இரு பக்கத் தகடும் உள்ளே இழுபட்டுப் பள்ளமாகும், அல்லது அழுத்தினால் டின் டப்பாபோல 'டப்' என்று உள்ளே போய் வெளியே வரும். அதனால் இரண்டு விரற்கடைக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு துண்டாகச் சேர்த்து, பின்னால் டாலி என்னும் கைப்பிடி இரும்புக் கட்டையைப் பிடித்து முன்னால் சுத்தியால் தையலின் மேலேயே தட்டி, சுருங்கிய அளவை நீட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். டாலியின் மேல் தட்டினால் தகடு நீளும். டாலியைப் பள்ளத்தின் கீழ் அழுத்தி, பக்கத்து மேட்டில் தட்டினால் பள்ளம் எழும். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நான்கு நாள்.

தையல் தட்டைப் பரப்பின் நடுவே ஓடியதுதான் எங்கள் சிரமத்துக்குக் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். மடிப்புக்கோட்டுக்கு அருகே கொண்டுபோயிருந்தால் அந்தக் கோடே தகட்டை விறைப்பாகப் பிடித்திருக்கும். இன்னொரு கதவுக்கு இதே நிலை வந்தால் பாதி போட மாட்டேன், முழுத்தகடு செய்வேன்.

கடைசியில் மிஞ்சிய நகக்கண் ஆழப் பள்ளத்துக்கு பாய் பட்டி எடுக்கவில்லை, ஈயம் எடுத்தார். 30 பங்கு வெள்ளீயமும் 70 பங்கு காரீயமும் சேர்ந்த கம்பி 183 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 255 டிகிரி வரை முழுக்க உருகாமல் வெண்ணெய்போலக் குழைந்து நிற்கும். அந்த நேரத்தில் கொழுப்பு தடவிய மரக்கரண்டியால் அதை இழைத்துப் பரப்பலாம். சின்ன வயதில் தெருவில் 'ஈயம் பூசறது' என்று கூவி வந்தவர் பித்தளைப் பாத்திரத்தைத் துருத்தி நெருப்பில் காட்டி, நவச்சாரம் தூவி, பஞ்சால் துடைப்பதை வாசலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதல் பூச்சு அதே வேலைதான். ஈயத்தை அரத்தால்தான் ராவ வேண்டும், கிரைண்டர் கூடாது. அந்தத் தூசி மூச்சில் போனால் விஷம்.

முன் மூடியைக் கடைசியில்தான் பொருத்தினோம். பின்பக்கத்திலிருந்து கதவு, கதவிலிருந்து முன்பக்கம் என்ற வரிசை ஹெரால்டுக்கு முக்கியம். மூடியின் முன் கீலில் முன்பின் நகர்த்த இடம் உண்டு. கதவுகள் நிலைத்த பிறகு அதை இழுத்துக் கொள்ளலாம், மாற்றிச் செய்தால் தவறு முழுவதும் பின் கதவில் வந்து சேரும். பெயின்ட் வேலை பெயின்டரோடு நடந்தது, அதில் சொல்ல அதிகம் இல்லை.

வடகிழக்குப் பருவமழையில் வண்டியை ஒரு நாள் வேண்டுமென்றே வெளியே விட்டேன். கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கிய தண்ணீர், கதவின் அடியில் நாங்கள் போட்ட மூன்று துளைகள் வழியாகச் சொட்டியது. பழைய கதவில் அந்தத் துளைகள் பட்டியாலும் பெயின்டாலும் அடைபட்டிருந்தன, துரு தொடங்கியது அங்கேதான். இடது கதவின் பின் மூலை இன்றும் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. பாய்க்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

சிவப்பும் நீலமும் குறித்த அந்தப் பிரவுன் காகிதத்தையும், வரிசை எண் போட்ட அட்டைகளையும் பிவிசி குழாயில் சுருட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். ஈரம் பட்டால் போய்விடும் என்பதால் அட்டைகளை அலுமினியத் தகட்டிலும் ஒரு படி வெட்டி வைத்தாயிற்று. கோயம்புத்தூரில் மார்க் 3 வைத்திருக்கும் ஒருவர் போன மாதம் வந்து, தரையில் விரித்து, தன் காகிதத்தில் வரைந்துகொண்டு போனார்.